சின்னவளுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம்

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. பொழுது விடியும்போதே வெறும் வயிற்றோடு ஒரு கூட்டம் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். கொட்டாவியும் எரிச்சலுமாக ஒவ்வொருவராக அந்த அகலக் கைப்பிடி நாற்காலியில் வந்து கையை நீட்டுவார்கள். ரப்பர் பட்டையை முழங்கைக்கு மேல் இறுக்கிவிட்டு இரண்டு விரலால் தடவிப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத நரம்பு அவள் விரலுக்குத் தெரிந்துவிடும்.

குழந்தைகள் வந்தால், உடன் வேலை செய்யும் பெண்கள், "அக்கா, நீங்களே பாத்துக்கோங்க" என்று நழுவிவிடுவார்கள். "யானைக்கு முழங்கால் முன்னாடி மடங்குமா, பின்னாடி மடங்குமா?" என்று ஊசியக்கா ஆரம்பிப்பாள். குழந்தை யோசித்து முடிப்பதற்குள் பஞ்சை வைத்து அழுத்தியிருப்பாள். வாட்டசாட்டமான ஆள் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தாலும் முகத்தைப் பார்த்தே இவர் மயங்கி விழுகிற ரகம் என்று கண்டுபிடித்து, முன்கூட்டியே படுக்கவைத்துவிடுவாள். முன்பின் தெரியாதவர்களின் முகம் அவளுக்கு அப்படி அத்துப்படி. வீட்டில் இருந்த முகம்தான் தெரியாமல் போயிற்று.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எங்காவது ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் அவருக்கு ஃபோன் வரும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓட வேண்டும். இரண்டு பெண்கள். பெரியவள் பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தாள். சின்னவள் அப்போதுதான் ஐந்தாவது முடிக்கிறாள். சின்னவள் வாய் ஓயாது, தூக்கத்திலும் பேசுவாள். பெரியவள் கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. அப்பாவுக்கு வேடிக்கை அதிகம். டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சின்னவளுக்கு வால்யூம் என்றும் பெரியவளுக்கு மியூட் என்றும் பேர் வைத்துவிட்டார். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். பெரியவளும் சிரிப்பாள்.

சின்னவளுக்கு வாய் இருந்த அளவுக்குக் கண் ஒத்துழைக்கவில்லை. எழுத்துகள் அவளுக்கு இடம் மாறித் தெரிந்தன. ஒரு பக்கம் படிப்பதற்குள் வியர்த்துவிடும். ஐந்தாம் வகுப்பு டீச்சர் ஊசியக்காவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இவள அறுவது பேரு இருக்கற வகுப்புல போட்டா காணாமப் போயிடுவா. கொஞ்சப் பேரு படிக்கற ஸ்கூலா பாருங்க. ஒரு மூணு வருஷம் தாங்கிப் பிடிச்சா போதும், அப்புறம் அவளே நீந்திடுவா."

தெருமுனையில் இருந்தது பெரிய பள்ளிக்கூடம். பெரியவள் ஆறாவதிலிருந்து படித்த இடம். நாலு மாடி, ஆயிரக்கணக்கில் பிள்ளைகள், மணி அடித்தால் அணை உடைந்த மாதிரி கூட்டம் வெளியே வரும். அதை விட்டுவிட்டு வேறு தேடலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்தார்கள்.

முதலில் பார்த்தது கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஐந்தாவது மாடியில் இருந்த பள்ளி. தரையெல்லாம் பச்சை பிளாஸ்டிக் புல். அங்கே இருந்த முதல்வர் தலைமைப் பண்பைப் பற்றி நெடுநேரம் பேசினார். ஊசியக்கா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்காரரை நடுவில் காணோம். வெளியே வந்து பார்த்தால் லிஃப்டில் மேலேயும் கீழேயும் போய் வந்துகொண்டிருக்கிறார்.

"இந்த லிஃப்ட்ல கயிறு தேஞ்சிருக்கு. ரெண்டாவது மாடில ஒரு உதறு உதறுது பாரு. என் பிள்ளைய நான் இங்க விட மாட்டேன்."

"பாடம் எப்படின்னு கேட்டீங்களா?"

"லிஃப்டையே பாத்துக்காதவன் பாடத்தையா பாத்துக்கப் போறான்?"

அடுத்த பள்ளியில் வகுப்புக்கு வகுப்பு கேமரா. அம்மா அப்பா எந்த நேரமும் ஃபோனில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஊசியக்காவுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. சின்னவள் கூட்டத்துக்கு நடுவில் உரக்கக் கேட்டாள்: "அம்மா, நான் மூக்கை நோண்டினா உன் ஆபீஸ்ல எல்லாரும் பாப்பாங்களா?" அதோடு அந்தப் பள்ளியும் போயிற்று.

மூன்றாவது பள்ளிக்குப் போன அன்று வீட்டுக்காரரை எங்கோ ஒரு துணிக்கடை லிஃப்ட் கூப்பிட்டுக்கொண்டது. பெரியவள் தானாகவே, "நான் வரவா?" என்றாள். ஊசியக்காவுக்கு ஆச்சரியம். "உனக்குப் பரீட்சை இருக்கே?" என்றாள். "ஒரு மணி நேரம்தானே" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

டயர்க் கடைகளும் அச்சகங்களும் இருந்த ஒரு சந்துக்குள் போனால், கடைசியில் பழைய மாடி வீடு. அதுதான் பள்ளிக்கூடம். ஆறாவது முதல் எட்டாவது வரை மூன்றே வகுப்பு. படுக்கையறைகள் வகுப்பறையாகி இருந்தன. பால்கனிக் கம்பியில் பைகள் தொங்கின. சமையலறையாக இருந்த இடம் தலைமை ஆசிரியையின் அறை. அலமாரியில் மசாலா டப்பா இருக்க வேண்டிய இடத்தில் பூகோளப் படங்கள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. தலைமை ஆசிரியை உயரமான பெண்மணி; சட்டைக் கையெல்லாம் சாக்பீஸ் தூள். சின்னவளைப் படிக்கச் சொல்லவில்லை. எதைப் பற்றியாவது சொல்லு என்றார். சின்னவள் எதிர் வீட்டுப் பூனை பிரசவித்த கதையை ஆரம்பித்தாள். அவர் கடைசி வரை கேட்டார். அப்புறம், "மேல போய்ப் பாத்துட்டு வா" என்று அனுப்பிவிட்டு ஊசியக்காவிடம் திரும்பினார்.

"உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?"

பஸ் வசதியைப் பற்றிக் கேட்க ஊசியக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கத்தில் இருந்து குரல் வந்தது.

"மத்தியானம் சாப்பிட்டு முடிச்சப்புறம், ஒரு பிள்ளைக்குக் கூடப் போக யாருமே இல்லைன்னா அது என்ன பண்ணும்?"

தலைமை ஆசிரியை பெரியவளைப் பார்த்தார். "எங்ககூட வந்து உக்காரும். இடம் சின்னதும்மா, யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டுரும்."

"தினமும் அப்படின்னா?"

"தினமும்னா வீட்டுக்குச் சொல்லி அனுப்புவோம்."

"மார்க் நல்லா வாங்கினாலும் சொல்லி அனுப்புவீங்களா?"

"மார்க்குக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லைதான்" என்றாள் பெரியவள். பிறகு, "தண்ணி குடிக்கற இடத்தைப் பாக்கலாமா?" என்று கேட்டாள்.

நடைக்கூடத்தின் மூலையில் ஒரு தண்ணீர் வடிகட்டி இருந்தது. ஒரு பையன் வந்து பாட்டிலை நிரப்பிக்கொண்டு ஓடினான். பெரியவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்க வரிசை நிக்காதா?"

"இருக்கறதே கொஞ்சப் பேரு. வரிசைக்கு எங்க போறது?" என்று சிரித்தார் தலைமை ஆசிரியை.

"அப்ப வேற ஒரு இடம் வேணும், மேடம்."

"எதுக்கு?"

"சும்மா நிக்கறதுக்கு. யாரும் என்னன்னு கேக்காம நிக்கறதுக்கு."

ஊசியக்காவுக்கு உள்ளங்கை சில்லிட்டது. ஊசி குத்தப் போகிற நேரத்தில் மற்றவர்களுக்குத்தான் அப்படி ஆகும், அவளுக்கு ஆனதில்லை.

அவர்கள் இந்த ஊருக்குக் குடிவந்த வருஷம் பெரியவள் ஆறாவதில் சேர்ந்தாள். அந்த மூன்று வருஷமும் அந்தப் பெண் தண்ணீராகக் குடித்தாள். பள்ளியில் என்ன பண்ணினே என்று கேட்டால், "தண்ணி குடிச்சேன்" என்பாள். வீட்டுக்கு வந்ததும் கழிப்பறைக்கு ஓடுவாள். ஊசியக்காவுக்குப் பயம் வந்துவிட்டது. இத்தனை தாகம் நல்லதில்லையே, சர்க்கரையாக இருக்குமோ என்று ஒரு நாள் வெறும் வயிற்றோடு கூட்டிக்கொண்டு போய், அந்த நாற்காலியில் உட்காரவைத்து, தன் கையாலேயே ரத்தம் எடுத்தாள். பிள்ளை கையை நீட்டி அசையாமல் உட்கார்ந்திருந்தது. முடிவு வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. "ஒண்ணுமே இல்ல, தங்கமாட்டம் இருக்கு ரத்தம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லி, நிம்மதியாக மூச்சு விட்டாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

சின்னவள் மாடியிலிருந்து குதித்துக்கொண்டே இறங்கி வந்தாள். மூவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். சின்னவள் முன்னால் ஓட, ஊசியக்கா மெதுவாகக் கேட்டாள்.

"அந்த வரிசைல நீ நின்னியா?"

"எந்த வரிசை?"

"தண்ணிக் குழாய் வரிசை."

பெரியவள் சாலை ஓரமாக ஒதுங்கினாள். ஒரு லாரி கடந்து போனது. "சாப்பிட்டதும் போய் நிப்பேன். என் முறை வந்ததும் கொஞ்சம் குடிச்சிட்டு மறுபடி கடைசில போய் நிப்பேன். மணி அடிக்கற வரைக்கும் சரியா இருக்கும். வரிசைல நின்னா தனியா நிக்கற மாதிரி தெரியாதும்மா. யாரு பாத்தாலும் தண்ணிக்கு நிக்கறான்னுதான் நினைப்பாங்க."

"எவ்வளவு நாளு?"

"எட்டாவது வரைக்கும். ஒன்பதாவதுல லைப்ரரி திறந்து விட்டாங்க."

"ஏன்டி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ ஸ்கூல் எப்படின்னு கேப்பே. நல்லா இருக்குன்னு சொல்வேன். நீ சரின்னு அடுப்பைப் பாக்கப் போயிடுவே." அவள் குரலில் குறை எதுவும் இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள். "உனக்கு அப்ப ரெண்டு வேளையும் டூட்டி வேற."

பஸ் வந்தது. சின்னவளுக்கு ஜன்னல் இருக்கை வேண்டுமென்று ரகளை. அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது.

ஊசியக்காவுக்குத்தான் நிற்கவில்லை. ஒன்றைப் பிடித்து ஒன்றாக ஞாபகம் வந்தது. குடிவந்த புதிதில் வீட்டுச் சொந்தக்கார அம்மாள் சொல்லியிருக்கிறாள்: "டயர்க் கடை சந்துல ஒரு குட்டி ஸ்கூல் இருக்கு. உங்க பெரியவ ரொம்பக் கூச்சமா இருக்காளே, அங்க சேக்கலாமே." அதே பள்ளிதான். ஊசியக்கா அன்றைக்குச் சிரித்தாள். "அதெல்லாம் படிக்கத் தெரியாத பிள்ளைங்களுக்குங்க. இவ எங்க போட்டாலும் முதல் மார்க் வாங்குவா." சொல்லும்போது பெருமையாக இருந்தது. பெரியவள் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். தொந்தரவு பண்ணுகிற பிள்ளைக்கு ஊரெல்லாம் பள்ளி தேடி அலைந்தோம். தொந்தரவே பண்ணாத பிள்ளையைத் தெருமுனையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்கு ஓடினோம். இந்த நினைப்பு சோற்றில் கல் மாதிரி வாய்க்கு வாய் அகப்பட்டது.

மறுநாள் ஒரு பெரியவரின் கையில் இரண்டு தடவை குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. "என்னம்மா, உனக்கே தப்புதா?" என்றார் அவர். ஊசியக்கா கையுறையைக் கழற்றிவிட்டு வேறு பெண்ணைக் கூப்பிட்டாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "சின்னப் பிள்ளைங்கன்னா நாலு நாள் பேசும், நாலு நாள் பேசாது. பெரிசு பண்ணாத" என்றார். சாப்பிட்டார், கை கழுவினார், திரும்பி வந்து உட்கார்ந்தார். "மூணு வருஷமா?" என்றார். சாயங்காலம் பழக்க தோஷத்தில், "மியூட்டு, அந்த ஸ்பானர எடு" என்று குரல் கொடுத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பெரியவள் ஸ்பானரைக் கொண்டுவந்து கொடுத்து, "கூப்பிடுங்கப்பா, பரவாயில்ல. பழகிடுச்சு" என்றாள். அந்த மனிதர் முகம் செத்துவிட்டது. அன்றோடு அந்தப் பேர் அந்த வீட்டை விட்டுப் போனது.

இதற்கு நடுவில் சந்துப் பள்ளியில் சின்னவளுக்கு இடம் உண்டு, வந்து சேர்த்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷப்பட வேண்டிய சமாச்சாரம். ஊசியக்காவுக்குக் கை ஓடவில்லை. பெரியவள் கண் முன்னாலேயே சின்னவளுக்குப் பை வாங்கி, புது பாட்டில் வாங்கி, அந்த வாசலில் கொண்டுபோய் விட்டு, "உனக்குச் செய்யல பாரு, இவளுக்குச் செய்றேன்" என்று சொல்லாமல் சொல்கிற மாதிரி இருந்தது. இன்னொரு பைத்தியக்கார எண்ணமும் வந்தது. சின்னவளையும் பெரிய பள்ளியிலேயே போட்டால் என்ன? ரெண்டு பேரும் ஒண்ணுதானே என்று ஆகிவிடும். அப்படி நினைத்ததற்காகவும் தன்னைத் திட்டிக்கொண்டாள். நாளைக்குப் போகலாம், சம்பளம் வரட்டும், இவருக்கு லீவு கிடைக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். பள்ளியிலிருந்து ஃபோன் வந்தால், கையில் கையுறை இருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லி எடுக்காமல் விட்டாள்.

ஒரு நாள் மத்தியானம் கையுறை இல்லாத நேரத்தில் அந்த ஃபோன் வந்தது.

"உங்க பெரிய பொண்ணு வந்து சொல்லிட்டுப் போனாங்க" என்றார் தலைமை ஆசிரியை. "அம்மாவுக்கு வேலை அதிகம், தங்கச்சி கண்டிப்பா வருவா, இடத்த வேற யாருக்கும் குடுத்துடாதீங்கன்னு. நல்ல பொண்ணு. மாடிப்படிக்குக் கீழ ஒரு பெஞ்சு போட முடியுமான்னு வேற கேட்டாங்க. போட்டுட்டோம்."

ஊசியக்கா அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். பெரியவள் சாப்பாட்டு மேஜையில் புத்தகங்களைப் பரப்பியிருந்தாள். சின்னவள் எதிர் வீட்டில் இருந்தாள்.

"தனியாவா அங்க போனே?"

"நீ போகலையே."

"எனக்கு மனசு வரலடி. உனக்குச் செய்யாதத அவளுக்கு மட்டும்..."

பெரியவள் பேனாவை மேஜையில் போட்டாள். அவள் குரல் உயர்ந்து ஊசியக்கா கேட்டது அன்றைக்குத்தான்.

"அதுக்கு அவ என்ன பண்ணுவா? என் பேரைச் சொல்லி அவளையும் அந்த வரிசைல நிக்க வைக்கப் போறியா? உனக்குக் கஷ்டமா இருக்குன்னா அது உன் கஷ்டம்மா, நீயே வெச்சுக்கோ. ஒரு வாரமா என்னைப் பாக்கறப்பல்லாம் அழப் போற மாதிரி மூஞ்சிய வெச்சுக்கறே. முட்டை வேணுமா, பால் வேணுமான்னு வந்து வந்து நிக்கறே. நான் எழுந்து வந்து உனக்கு ஆறுதல் சொல்லணும் போல இருக்கு. எனக்குப் பரீட்சைக்குப் படிக்கணும்."

ஊசியக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பை இன்னும் தோளிலேயே இருந்தது.

"என் மேல கோபமா?"

"கோபம்தான்."

"நான் என்ன பண்ணா அது போகும்?"

"தெரியலம்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீ எதுவும் பண்ணாதே." பேனாவைத் தேடி எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் கழித்து, தலை நிமிராமல், "வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காங்க. மறந்துடாதே" என்றாள்.

வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. மறுநாளே புருஷனும் பெண்டாட்டியும் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்கள்.

சந்துப் பள்ளி சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சின்னவளின் வகுப்பில் பெண் பிள்ளைகள் நாலே பேர். மழைக்காலத்தில் நாலு பேருக்கும் சண்டை வந்து, மூன்று பேர் ஒரு பக்கம், சின்னவள் ஒரு பக்கம் என்று ஆனது. பெரிய பள்ளியாக இருந்தால் வேறு யாரிடமாவது போய் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இங்கே போக்கிடம் இல்லை. சின்னவள் அழுதுகொண்டே படிக்குக் கீழே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டாவது நாளே தலைமை ஆசிரியை வீட்டுக்கு ஃபோன் செய்தார். ஊசியக்கா போனாள், உட்கார்ந்து பேசினாள். சண்டை தீர நாளானது, ஆனால் தீர்ந்தது. எழுத்துகள் இன்னமும் சின்னவளுக்கு முரண்டு பிடிக்கின்றன. முன்பெல்லாம் புத்தகத்தை மூடிவிடுவாள். இப்போது திட்டிக்கொண்டே படிக்கிறாள்.

ஒவ்வொரு நல்ல சேதி வந்தபோதும் ஊசியக்காவுக்கு இரண்டு மாதிரியாக இருந்தது. பள்ளியிலிருந்து கூப்பிட்டு, உங்க பொண்ணு இன்னைக்கு எல்லார் முன்னாடியும் ஒரு பக்கம் வாசிச்சா என்று சொன்னால், வயிறு குளிரும். கூடவே, ஆறாவது படித்த இன்னொரு பெண்ணுக்காக யாரும் கூப்பிடவில்லையே என்று இருக்கும். கூப்பிட்டிருந்தாலும் நான் எடுத்திருப்பேனா என்றும் இருக்கும். இதையெல்லாம் அவள் பெரியவளிடம் சொல்லவில்லை. முகத்தையும் சரிப்படுத்திக்கொண்டாள். அது அவள் பழகிக்கொண்ட புது வேலை.

பெரியவள் நல்ல மார்க் வாங்கித் தேறினாள். வேறு ஊரில் கல்லூரி கிடைத்தது. விடுதியில் தங்கிப் படித்தாள். வாரத்துக்கு ஒரு தடவை பேசுவாள். சில வாரம் நன்றாகப் பேசுவாள். சில வாரம், "சரிம்மா, வெச்சுடறேன்" என்பாள். எதனால் என்று ஊசியக்கா துருவுவதில்லை.

இரண்டாம் வருஷ விடுமுறையில் பெரியவள் ஒரு சிநேகிதியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். சுருட்டை முடி, தடிமனான கண்ணாடி, பெரிய சிரிப்பு. அந்த வீட்டுக்குப் பெரியவளைத் தேடி ஒரு பெண் வந்து தங்குவது அதுதான் முதல் தடவை. ஊசியக்கா ஓடினாள். தலையணை உறை மாற்றினாள், பழம் நறுக்கினாள், குளிக்க வெந்நீர் வைத்தாள், மின்விசிறி சத்தம் போடுகிறதா என்று கேட்டாள், மறுபடி பழம் கொண்டுபோனாள்.

"ஆன்ட்டி, இவ்ளோ கவனிக்கறீங்க! எங்கம்மாவெல்லாம் சுத்த மோசம்" என்றாள் அந்தப் பெண்.

ஊசியக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பெரியவளைப் பார்த்தாள். பெரியவள் தட்டை வாங்கிக்கொண்டு, "போதும்மா, நீ போய் உக்காரு" என்றாள். குரலில் கடுமை இல்லை. கதவை மெல்லச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டுக்காரர் வழக்கம் போல ஏதோ ஒரு லிஃப்டுக்குப் போயிருந்தார். சின்னவள் கூடத்தில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூடிய கதவுக்குப் பின்னால் இரண்டு பெண்களும் எதையோ சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு, மூச்சு முட்டி, இடையில் நின்று, மறுபடி வெடித்துக் கிளம்புகிற சிரிப்பு. அது யாருடையது என்று ஊசியக்காவுக்கு முதலில் தெரியவில்லை. கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்ட பிறகுதான் தெரிந்தது, அது தன் பெண்ணுடையது என்று.

கேட்கக் கேட்க நன்றாக இருந்தது. இதில் தன் பங்கு எதுவும் இல்லை என்பதும் தெரிந்தது. உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் போல ஒரு ஆசை; எழுந்தாள். கதவு வரை போகவில்லை. சமையலறைக்குத் திரும்பி, சத்தம் வராமல் பாத்திரங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்க ஆரம்பித்தாள்.